கண் டெஸ்டுக்குப் போன தம்பி ராத்தாவுக்கு எழுதுவது

திகன,
புதன்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பும் கண்ணியமும் நிறைந்த உம்மு குல்சும் ராத்தா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் நால்வரும் சுகம், கடையும் சுகம். உங்களுடைய பிரஷர் குறைந்து, மச்சானுடைய இருமல் நின்று, கண்டியில் நீங்களும் நலமாயிருக்க ஐந்து வக்தும் துஆக் கேட்கிறேன். நீங்கள் என் போனை எடுக்காமல் இன்றோடு ஒன்பது நாள். அதனால்தான் பள்ளிக்கூடத்து லீவுக் கடிதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேனையும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும். எழுத்துப் பிழையை மட்டும் சொல்லவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் மகள் றுமைஸாவுக்கு வந்த முதல் கல்யாணப் பேச்சு, நீங்கள் ஒரு கல்யாண வீட்டில் சந்தோஷத்தில் நாலு பேரிடம் சொன்னதால்தான் குழம்பியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால், கடுகண்ணாவையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்ஜத் என்ற பிள்ளையின் பேச்சு வந்தபோது, முடிவாகும் வரை ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது என்று வீட்டுக்காரி றிஸானாவிடம் சத்தியம் வாங்கினேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அன்று நான் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். பக்கத்துக் கடை முத்துலிங்கத்திடம் கண் டெஸ்ட் பண்ணக் கண்டிக்குப் போகிறேன் என்றேன். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி கடுகண்ணாவை பஸ்ஸில் ஏறினோம். றிஸானா முன் சீட், நான் பின் சீட், பார்ப்பவர்களுக்கு யாரோ எவரோ. கையில் கேக் பெட்டியைக் கண்டால் கேள்வி வரும் என்று கடுகண்ணாவையில் இறங்கிய பிறகுதான் வாங்கினேன். பஸ் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது, சொல்லவே வெட்கமாயிருக்கிறது, நான் குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணினேன். அன்றைக்குப் போட்டிருந்தது வாரில்லாத செருப்பு.

இவ்வளவும் செய்த நான், வேவுகாரனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறேன் ராத்தா! மகன் அஷ்பாக் போன ரமழானில் என் போனில் 'நம்மாக்கள்' என்று ஒரு ஆப்பைப் போட்டுத் தந்தான். "இனாம் வாப்பா, சல்லி ஒண்டும் இல்ல" என்றான். அது தொடங்கும்போதே ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. படங்களைப் பார்க்கலாமா, நம்பர்களைப் பார்க்கலாமா, எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்கலாமா. அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவனிடம் மூஞ்சியில் அடித்த மாதிரி இல்லை என்று எப்படிச் சொல்வது? வாப்பா நம்மை அப்படியா வளர்த்தார்? பதினொரு தடவை 'சரி' அமத்தினேன்.

அதற்குப் பிறகு பிள்ளை எப்படிப்பட்டவர் என்று பார்க்க அந்த ஆப்பில் அம்ஜத்துடைய பக்கத்துக்குள் போய், ஐந்து வருஷத்துக்கு முந்தி அவர் ஆற்றில் குளித்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் போக, விரல் பட்டு ஒரு சிவப்பு இதயம் போய்விட்டது. எடுக்கத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். அடுத்தது மாப்பிள்ளை வீட்டிலேயே நடந்தது. சம்பந்தியாக வரப்போகிறவர்களுக்கு முன்னால் போன் 'டிங்' என்கிறது, கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்துத் தெரியவில்லை, சத்தத்தை அடக்க வேண்டுமே என்று வந்ததுக்கெல்லாம் 'சரி' அமத்தினேன். அது கேட்டது, 'இந்தச் சந்தோஷத்தை எல்லோருடனும் பகிரலாமா?' என்று. 'மர்சூக் கடுகண்ணாவையில் மகிழ்ச்சியாக இருக்கிறார்' என்று போட்டதோடு, றுமைஸாவுக்குக் காட்ட நான் எடுத்த படத்தையும் அதுவே சேர்த்துக்கொண்டது. படத்தில் அம்ஜத், அவருடைய உம்மா, ஓரத்தில் வட்டிலாப்பக் கரண்டியோடு என் கை.

முப்பத்தேழு பேர் மாஷா அல்லாஹ் போட்டார்கள். முத்துலிங்கம், "மொதலாளி, கண்ணு இப்ப நல்லாத் தெரியுதுங்களா?" என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து போனைத் திறந்தால் விளம்பரம்தான்: கல்யாண மண்டபம், நகை, சஹன் பிரியாணி. முந்தாநாள் தொட்டில். பேச்சே முடியவில்லை, தொட்டில்! அஷ்பாக்கைப் பிடித்துக் கேட்டால், "இனாம் எண்டா அப்படித்தான் வாப்பா. நீங்க எங்க போற, என்னத்தத் தேடுற, அதையெல்லாம் வித்துத்தான் அவங்க சம்பாதிக்கிற" என்கிறான், ஏதோ எனக்கு முன்னமே தெரிந்த மாதிரி. முப்பது வருஷமாகப் பிளாஸ்டிக் சாமான் விற்கிறேன். யார் எத்தனை பேசின் வாங்கினார் என்று ஒரு நாள் பக்கத்துக் கடைக்கு வாய் திறந்ததில்லை. என்னைக் கூறு போட்டு விற்கிறவர்களுக்கு அந்த வெட்கம்கூட இல்லை.

அதெல்லாம் போகட்டும். நீங்கள் மட்டும் அந்தப் படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதாமல் ஒரேயொரு பெருவிரலைப் போட்டீர்கள். அடுத்த நாள் றிஸானாவிடம் போனில் சொன்னீர்களாம்: "அவன் அந்தப் புள்ளைட படத்துக்கு இதயம் போட்ட அண்டைக்கே எனக்கு வெளங்கிட்டு. மூணு கிழமை. எங்கட ஊட்டு மனிசனுக்கும் செல்லல்ல. தம்பி வந்து செல்லட்டும் எண்டு பாத்துட்டு ஈந்தேன்." சொல்லிவிட்டுப் போனை வைத்தவர்தான்.

நான் நம்பிய போன் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறது ராத்தா. நான் நம்பாத நீங்கள் மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை. காசு கொடுக்காமல் வாங்கியதுக்கு நான் கொடுத்த விலை உங்கள் மனசு என்று நினைத்தால் கல்லாவில் இருந்தபடியே கண் கலங்குது. வாற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் பேச்சு முடிக்க வருகிறார்கள். நம்மட குடும்பத்தில் அவர்களுக்கு முதல் பலகாரத் தட்டை வைப்பது மூத்த மாமிதானே. "மாமி வராட்டி நான் அறைய உட்டு வெளிய வரமாட்டேன்" என்று றுமைஸா சொல்லிவிட்டாள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அந்த ஆப்பை அடியோடு அழித்துவிட்டேன், இனி இந்த ஜென்மத்தில் அதைத் தொடமாட்டேன். நான் எங்கே நிற்கிறேன் என்று இப்போது அல்லாஹ்வுக்கும் றிஸானாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மச்சானுக்கு என் ஸலாம். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் கிடைக்கட்டும். வஸ்ஸலாம்.

பிழை செய்த தம்பி,
மர்சூக்

பி.கு: கடையிலிருந்து வீட்டுக்கு வந்து உறையில் விலாசம் எழுதப் போனால் உங்கள் வீட்டு இலக்கம் தெரியவில்லை. இத்தனை வருஷமாகச் 'சிவப்பு கேற்' என்றுதானே வந்து போனோம்! றிஸானாவுக்கும் தெரியாது. "நம்மாக்கள்ல ஈக்கும் வாப்பா" என்றான் அஷ்பாக். விலாசத்துக்காக மட்டும் மறுபடி போட்டேன். விலாசம் இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் அது ஒன்று சொல்கிறது: 'உங்களுக்குத் தெரிந்த உம்மு குல்சும் உங்கள் அருகில் இருக்கிறார், 400 மீற்றர்.' ராத்தா, நீங்களும் எல்லாவற்றுக்கும் 'சரி' அமத்தினீர்களா? இப்போது 250. றிஸானா அடுப்படிக்கு ஓடுகிறாள். 90. முத்திரை ஒட்டவில்லை, இனித் தேவையும் இல்லை. கேற்றடியில் யாரோ கூப்பிடுகிற சத்தம். ஒன்பது நாளைக்குப் பிறகு, என் பேரைத்தான் கூப்பிடுறீங்க.