பயோட்டின் பந்தி

நாலு பேர் காது கொடுத்தால் எனக்கு வாய் நிற்காது. போதாக்குறைக்கு உயிர்வேதியியலில் முதுகலை வேறு படித்துத் தொலைத்திருந்தேன் (சங்கராபுரத்தில் அதைப் பற்றிக் கேட்க ஆளே கிடையாது).

அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். பாப்பாவுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி மந்தம். பயோட்டின் என்ற வைட்டமினை மற்ற புரதங்களில் ஒட்டிவைப்பது அதன் வேலை. ஒட்டாவிட்டால் சாப்பிட்டது சத்தாக மாறாமல் ரத்தத்தில் அமிலமாகத் தேங்கும், குழந்தை துவண்டுவிடும். தினமும் பயோட்டின் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்தால் அந்தச் சோம்பேறி நொதியும் எழுந்து வேலை பார்க்கும். அன்றைக்கு மாத்திரை டப்பா என் பொறுப்பு.

"இன்னாடா தம்பி அது?" என்றார் பெரியப்பா.

விட்டேனா? "ஹோலோகார்பாக்சிலேஸ் சிந்தடேஸ்" என்று நொதியின் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். ஒருவரும் அசையவில்லை. கடுப்பில், "முடி வளரக்கூட இதைத்தான் விக்கிறாங்க" என்றேன். வழுக்கைகள் எல்லாம் நிமிர்ந்தன.

டப்பாவைச் சீர்த்தட்டில் வைத்துவிட்டுப் பாப்பாவை மடியில் வாங்கினேன். ஆசாரி காது குத்தி, நான் அழுகையை அமர்த்தித் திரும்புவதற்குள் டப்பா பந்தியைச் சுற்றி வந்திருந்தது. காலி!

"நீதானேடா முடி வளரும்னு சொல்லிக்கினு இருந்தே?" என்றார் பெரியப்பா, தண்ணீர்ச் சொம்பும் கையுமாக.

"பாப்பாக்கு இன்னும் இன்னிக்கு குடுக்கவே இல்லடா" என்றாள் அக்கா. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

போனில் டாக்டர், "இன்னைக்கே எப்படியாவது குடுத்துடுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை. திறந்திருந்த ஒரே மருந்துக்கடையில் பயோட்டின் கேட்டேன். கடைக்காரர் என் ஏறு நெற்றியைப் பரிவோடு பார்த்தார். "உங்களுக்குங்களா? கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்களே."

"குழந்தைக்குங்க."

"குழந்தைக்கு எதுக்குங்க முடி மாத்திரை?"

நொதியைப் பற்றி ஒருவர் தானாகக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. நானோ, "இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றேன். அவரிடம் இருப்பு இல்லை. சந்தனமும் பட்டுவேட்டியுமாக வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு விரட்டினேன். மூன்றாவது கடையில் கிடைத்தது.

மாத்திரையை அக்கா பொடித்துக் கரைத்துப் புகட்டினாள். பாப்பா சப்புக்கொட்டிக் குடித்தது. அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. என்னிடமிருந்து டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நன்றாக இருக்கிறாள். மாமா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டாராம்.

"பேசுவாரு மிஸ். அவரு பேச ஆரம்பிச்சா, எங்கூட்ல மாத்திரைய எடுத்து ஒளிச்சி வெச்சிடுவோம்."