குறுவையின் மச்சம்

குறுவை மறுபடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

பயிர் அல்ல, மீன். குடவாசலில் தியாகராசன் வீட்டுக் கூடத்திலிருக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டியில், உப்புத் தண்ணீரில் வாழும் ஒற்றைக் கடல் மீன். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, இடது கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம். குறுவை நடவு சமயத்தில் வந்ததால் அந்தப் பெயர். கூடவே கொஞ்சம் பாறை, பாறைமேல் இரண்டு பவளங்கள். அபுதாபியில் வேலை பார்க்கும் மகன் செந்தில்குமார் லீவில் வந்தபோது வைத்துக் கொடுத்துவிட்டுப் போனது.

அந்த வருஷம்தான் முழங்கால் போய், தியாகராசன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். நாற்பது வருஷம் விடியுமுன் வயலுக்குப் போனவர், போக ஓர் இடமில்லாமல் பத்து மணிவரை சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். மீன் வந்த பிறகு பழையபடி ஐந்தரைக்கு எழுந்தார். அது செத்துப்போனால் திரும்பவும் அந்தச் சுவர்தான் என்பது அவருக்கே தெரியும்.

"ஞானம், தண்ணி ரெண்டு விரக்கடை குறைஞ்சிருக்கு. அதான் மூச்சு வாங்குது."

"உங்களுக்கா, மீனுக்கா?" அடுப்படியிலிருந்து மனைவி ஞானாம்பாள் கேட்டாள்.

குறைந்தது உப்புத் தண்ணீர், ஆகவே ஊற்ற வேண்டியதும் உப்புத் தண்ணீர் என்பது அவர் கட்சி. மகன் வாங்கி வைத்திருந்த கடல் உப்பைக் கரைத்து ஊற்றினார். ஏழு மாதமாக இப்படித்தான். மறுநாள் பவளங்கள் சுருங்கின. மீன் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"பூச்சி விழுந்திருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, வேப்பம்புண்ணாக்கை ஊறவைத்து வடிகட்டி அரை டம்ளர் விட்டார். தொட்டி நுரைத்தது. நுரை அடங்கியபோது தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. குறுவை பாறையடியில் அசையாமல் கிடந்தது.

ஞானாம்பாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"கும்பகோணம் கோயிலுக்குப் போய் வேண்டிக்கிட்டு வந்துடறேங்க."

"மீனுக்கு வேண்டுதலா?"

"மனுஷனுக்குத்தான் வேண்டிக்கணும்னு சட்டமா?"

அபிஷேகத்துக்குப் பால் வாங்க வேண்டும் என்று மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இது நாலாவது தடவை. மீனுக்கு முடியாமல் போகும்போதெல்லாம் போவாள், திருநீறோடு வருவாள். தியாகராசன் சாயங்காலம் டீக்கடைக்குப் போய்த் திரும்பினால் குறுவை துள்ளிக்கொண்டிருக்கும்.

அன்றும் அப்படியே ஆயிற்று.

"புண்ணாக்கு வேலை செஞ்சிடுச்சு பாத்தியா? மச்சம்கூட கொஞ்சம் மேல ஏறியிருக்கு. வளர்றான்."

"சாமி காப்பாத்திச்சுன்னு ஒரு வார்த்தை வருதா உங்க வாயில?" வாளியைக் கழுவிக் கவிழ்த்தபடி அவள் சொன்னாள்.

ஜெயித்த வைத்தியர் சும்மா இருப்பாரா? தினமும் புண்ணாக்குத் தண்ணீர் விட்டார். பாசி படர்ந்தது. உரம் கூடிவிட்டது என்று தொட்டி விளக்கை அணைத்து வைத்தார். பவளங்கள் வெளுத்தன.

ஞானாம்பாள் பத்து நாள் தங்கிவர மயிலாடுதுறைக்கு, மகள் அனுராதா வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து மகன் வீடியோவில் வந்தான்.

"அப்பா, அந்த உப்பு மீட்டர் என்ன காட்டுதுன்னு சொல்லுங்க."

சொன்னார். மகன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"தண்ணி குறைஞ்சா எதை ஊத்துறீங்க?"

"உப்புத் தண்ணிதான்."

"அப்பா, ஆவியாப் போறது வெறும் தண்ணிதான். உப்பு அங்கேயே நிக்கும். நல்ல தண்ணி ஊத்தணும்பா."

தியாகராசன் போனும் கையுமாக நின்றார். வயலில் நின்ற தண்ணீர் வடியாமல் காய்ந்தால் உப்புப் பூக்கும், நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும் என்று கடலோரத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவர் அவர். மண்ணில் தெரிந்த விஷயம் கண்ணாடிக்குள் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்ட வேகத்தில், வயலை அலசுவது போலவே தொட்டியையும் அலசினார். பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, நாலு குடம் நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினார். சாயங்காலம் குறுவை மிதந்தது.

வாழையடியில் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அழுகை வந்தது. மீனை நினைத்து மட்டுமல்ல. நாலு தடவை பஸ் ஏறிப்போய் அவள் வேண்டிப் பிழைக்க வைத்ததை ஒரே நாளில் கொன்றாயிற்று. அதை எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது?

சொல்வதில்லை என்று முடிவு செய்தார். மகனிடம் கேட்டுக் கேட்டு நாலு நாளில் உப்பைச் சரிசெய்தார். மீன் செத்ததை அவனிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மனைவியை ஏமாற்றுவதற்காக, தூக்குவாளியோடு கும்பகோணம் பஸ் ஏறினார்.

மகன் மீன் வாங்கிய கடையைத் தேடிக் கண்டுபிடித்தார். கடைக்காரர் சலாஹுதீன் தொட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா. என்ன வேணும்?"

"இந்த ஆரஞ்சு ஜாதியில ஒண்ணு. இடது கண்ணுக்குக் கீழ கறுப்பா ஒரு மச்சம் இருக்கணும்." தியாகராசன் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல ஒருத்தருக்குத் தெரியாம மாத்தணும்."

சலாஹுதீன் மீன் பிடிக்க வாளியை வாங்கினார். அதன் மேல் வெட்டியிருந்த எழுத்தை ஒருமுறை படித்தார்: 'அனுராதா காதணி விழா, குடவாசல்.' பிறகு தியாகராசனை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய், தனியாக ஒரு மீன் நீந்திய சின்னத் தொட்டியைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார். இடது கண்ணுக்குக் கீழே மச்சம் இருந்தது.

"அம்மாவுக்குன்னு எடுத்து வச்சதுதாங்க, இது அஞ்சாவது. மச்சம் இல்லேன்னா எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சிடுவார்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க."