பூமிக்குள் இளநீர்

"பூமியைப் பத்திப் படிக்கணும்னா ரிஜிஸ்தர் கச்சேரிக்குப் போகணும்ட்டி. பள்ளிக்கூடத்துல என்ன கெடக்கு?"

நான் ஆறாம் பாரம் பாஸ் செய்து, பூகோளத்தில் பள்ளிக்கே முதலாவதாக வந்த அன்று என் பெரியப்பா சொன்னது இது. அவருக்குத் தெரிந்த பூமிக்கெல்லாம் சர்வே நம்பரும் நான்கு எல்லையும் உண்டு. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "அடியிலயும் நம்ம பேருதான்" என்பார். (அவருக்கு இருந்த நிச்சயத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆணிலும் முதல், பெண்ணிலும் முதல். அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியில் தேங்காய் மண்டி வைத்தவர். அவருடைய மகள் இன்டர்மீடியட்டும் முடித்து, கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் தமிழ் டிவிஷனுக்குத் தற்காலிக டீச்சரானபோது, எனக்கு வந்த கர்வத்தை எழுதிக் காட்டுவது கடினம். குடையைக்கூட நேராகத்தான் பிடிப்பேன், மழை சாய்ந்து பெய்தாலும்.

ஆனால் கர்வத்துக்குள்ளே ஓர் ஏக்கம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. மழை விட்ட மறுநாள் காலையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கிழக்கே அகத்தியர் மலை நீலமாகத் தெரியும். துணி உலர்த்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாக் கண்டங்களின் மலைகளையும் எனக்கு ஒப்பிக்கத் தெரியும். ஒரு மலையைக்கூடத் தொட்டதில்லை. பூகோளத்தில் முதல் மார்க் வாங்கியவள் போன மிக நீண்ட யாத்திரை, நாகர்கோவிலில் அத்தை வீட்டுக் கல்யாணம்.

அந்த வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு செய்தி சொன்னார். தற்காலிக டீச்சர்களில் ஒருத்தியை சர்க்கார் செலவில் டிரெயினிங் காலேஜுக்கு அனுப்பப் போகிறார்களாம். இன்ஸ்பெக்ட்ரஸ் வருவார், வகுப்புக்குள் வந்து பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், யாரை அனுப்புவது என்று அவரே முடிவு செய்வார். மற்றவர்கள் வருஷக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம். என் விஷயத்தில் வீடு என்றால் வடசேரி மாப்பிள்ளை. என் ஜாதகத்தை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கும் தேங்காய் மண்டிதான்.

அந்த இன்ஸ்பெக்ட்ரஸை நான் ஒரு தடவை பார்த்திருந்தேன். மொடமொடவென்ற வெள்ளைச் சேலை, கையில் ஆண்பிள்ளைகள் கட்டுகிற மாதிரி பெரிய கடிகாரம். அவர் வராந்தாவில் நடந்தால் யாரும் வழிவிடச் சொல்ல வேண்டியதில்லை, வழி தானாக விடும். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் அதே மாதிரி நடந்து பார்த்தேன். "காலு சுளுக்கிக்கிட்டா?" என்று அம்மா கேட்டாள்.

எனக்குக் கிடைத்த வகுப்பு நாலாம் பாரம். பாடம், பூமியின் உட்புறம். டீச்சர்களுக்கான கைப்புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: அவித்த கோழிமுட்டையைக் குறுக்கே வெட்டிக் காட்டவும். ஓடு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று அடுக்கு. ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்க் கேட்டேன்.

"முட்டையா?" அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "நம்ம குட்டிகள்ல பாதிப் பேர் அக்ரஹாரம். முட்டை உள்ளே வந்தா, மறுநாள் நீயும் நானும் வெளியிலே நிக்கணும். அறியுமோ?"

நானும் சைவ வீட்டுப் பெண்தான். முட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. நேரே மண்டிக்குப் போனேன்.

"நல்ல தேங்காயாட்டு நாலு வேணும்ப்பா."

"பூஜைக்கா?"

"பூமிக்கு."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூஜைக்குரியதையே எடுத்துத் தந்தார்.

மறுநாள் வகுப்பில் தேங்காயை உடைத்தேன். சிரட்டைதான் நாம் நிற்கிற மேலோடு. பருப்பு நடு அடுக்கு. உள்ளே ததும்புகிற தண்ணீர், உருகிக் கொதிக்கிற உட்கரு. பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள். உற்சாகம் தலைக்கேறி, தேவைக்கு மேலும் போனேன். தேங்காய்க்கு மூன்று கண் இருக்கிறதல்லவா? அதில் ஒன்று மட்டும் இளக்கமாக இருக்கும், குத்தினால் திறக்கும். அதுதான் எரிமலை என்றேன். பாடம் முடிந்ததும் பூமியின் நடு அடுக்கை வெல்லக்கட்டி வைத்துப் பங்கிட்டுத் தின்றோம். உட்கருவை வரிசையாக நின்று குடித்தார்கள்.

அடுத்த வாரம் நானே கேள்வி தயாரித்து நானே பரீட்சை வைத்து நானே திருத்தினேன். ஒருத்திகூடத் தவறவில்லை. கேள்விகளை எல்லாம் தேங்காயை வைத்துத்தான் கேட்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. "பூமியைப் பத்தி எங்க பிள்ளைகள்கிட்ட என்ன வேணும்னாலும் கேக்கலாம்" என்று ஸ்டாஃப் ரூமில் அறிவித்தேன். என்னைப் போலவே தற்காலிகமாக இருந்த தையல் டீச்சர் பின்னிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பாவம், பொறாமை என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். என்னைத் தமக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். அவர் மலையாளி. எங்கள் டிவிஷனுக்காகத் தமிழைக் கொஞ்சம் கலந்து பேசினார்.

"குட்டிகளே, இந்த பூமியோட நடுவில் எந்தாணு உள்ளது? ஆரு சொல்லும்?"

"தண்ணி!" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

அவருக்குப் பின்னால் நின்று நான் இல்லை இல்லை என்று இரண்டு கையையும் வீசினேன். ஸ்ரீவராகம் அக்ரஹாரத்து அலமேலு அதைப் பார்த்துவிட்டாள். பதில் போதவில்லை என்று கை காட்டுகிறேன் போலும் என்று எண்ணி எழுந்தாள். "வெறும் தண்ணி இல்லே மேடம். இளநீர்."

"இளநீரோ?"

கடைசி பெஞ்சிலிருந்து செல்லம்மை எழுந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். வகுப்பில் வாயே திறக்காதவள், அன்றைக்கென்று திறந்தாள். "அது தப்பாக்கும் மேடம். பூமிக்கு வயசாயாச்சுல்லா? இளநீரா இருக்காது. முத்தின தண்ணிதான்."

"ஏன், என்னைக்கும் இளசாவே இருக்கப்படாதா?" என்றாள் அலமேலு.

"அப்பம் பருப்பு வழுக்கையால்லா இருக்கணும்? நாம தின்னது கட்டிப் பருப்புல்லா?"

இன்ஸ்பெக்ட்ரஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. எரிமலை எங்ஙனெ உண்டாகும்?"

"பூமிக்கு மூணு கண்ணு மேடம்! ஒண்ணுதான் திறக்கும்!"

"ஹிமாலயம்?"

இதை நான் சொல்லித் தரவே இல்லை. சத்தியமாகச் சொல்லித் தரவில்லை. வகுப்பு ஒரு கணம் யோசித்தது. பிறகு தானாகவே கண்டுபிடித்துக் கூவியது.

"குடுமி!"

பூமி உண்மையிலேயே வாய் திறக்கிற வழக்கம் உடையதாக இருந்தால் அப்போது திறந்திருக்க வேண்டும். என் காலடியில் சிமெண்டுத் தரை அசையாமல் கிடந்தது.

"டீச்சர்," என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ், திரும்பாமலே. "இவர்க்கு தேங்காய் நல்லோணம் அறியாம்." தேங்காயை மட்டும் நன்றாகத் தெரியுமாம்.

அத்தோடு போயிருந்தால் அது வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். ஆனால் அவர் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, முதல் தடவையாக நிஜமான ஆவலுடன் கேட்டார். "அதெல்லாம் போகட்டும். பூமிக்கு உள்ளே இன்னது இருக்கு, இன்னது இல்லைன்னு எங்ஙனெ அறிஞ்சாங்க? ஆராவது உள்ளே போய்க் கண்டோ?"

செல்லம்மை மறுபடியும் எழுந்தாள்.

"குலுக்கிப் பாத்தாத் தெரியும் மேடம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "செல்லம்மை, உக்காரு பிள்ளே" என்றேன். அன்றைக்கு என் வாயிலிருந்து அதிகாரமாக வந்த ஒரே வாக்கியம் அதுதான்.

"என்னால் டீச்சர் பறயூ" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். அப்படியானால் டீச்சரே சொல்லட்டும் என்று அர்த்தம்.

எத்தனை வருஷம் படித்திருக்கிறேன், எத்தனை அடுக்கு, எத்தனை பெயர், எல்லாம் ஒப்பிப்பேன். எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"புஸ்தகத்திலே இருக்கு, மேடம்."

அவர் திட்டவில்லை. லேசாகத் தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

டிரெயினிங் காலேஜுக்குத் தையல் டீச்சர் போனாள்.

கதை எனக்கு முன்னால் சாலைக் கடைவீதிக்குப் போய்விட்டது. அலமேலு வீட்டுச் சமையலுக்குத் தேங்காய் எங்கள் மண்டியிலிருந்துதான். அன்றிலிருந்து எங்கள் கடையில் தேங்காய்க்குத் தேங்காய் என்று பெயர் இல்லை. "எலேய், ஐயருக்கு அஞ்சு பூமி எடுத்துப் போடு!" "அண்ணாச்சி, நேத்துக் கொடுத்த பூமி அழுகல்!" வீட்டில் அம்மா தேங்காய் உடைக்கும்போதெல்லாம் தம்பி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பூகம்பம் என்று கத்துவான். பேச்சு வடசேரி வரைக்கும் போனது. "வாரத்துக்கு நாலு பூஜைத் தேங்காயை உடைச்சுப் பாக்குற பிள்ளை நம்ம மண்டிக்கு ஒத்துவராது" என்று சொல்லி ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் கற்பித்தல் முறை பலன் தந்தது.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் பொது நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். எப்படித் தெரிந்துகொண்டார்கள்? அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தடித்த புத்தகங்களைத் தடவித் தடவிப் படித்தேன். ஒரு சாயங்காலம் கிடைத்துவிட்டது. எங்கோ பூகம்பம் வருகிறது. அந்த நடுக்கம் பூமிக்குள்ளே புகுந்து மறுபக்கம் வருகிறது. கட்டியான இடத்தில் ஒரு விதமாகப் போகிறது. நீராக உருகிய இடத்தில் ஒருவகை நடுக்கம் நுழையவே மாட்டாது. அதைக் கருவி வைத்துக் கேட்டுத்தான் உள்ளே இன்னது இருக்கிறது என்று சொல்கிறார்கள்.

குலுக்கிப் பார்த்துத்தான்!

நூலகத்தில் சத்தமாகச் சிரித்ததற்காக என்னை எழுந்து போகச் சொன்னார்கள். வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். சிரிப்பு எப்போது நின்றது, அழுகை எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கருவியைப் பார்க்க வேண்டும், அதன் பக்கத்தில் நின்று பூமி பேசுவதைக் கேட்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. மாடியில் நின்று மலையைப் பார்த்து ஏங்கியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மறுநாள் வகுப்பில் செல்லம்மையை எழுப்பி, அவள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

சென்னையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

"என்ன படிப்பு?" என்றார் பெரியப்பா.

"பூகர்ப்ப சாஸ்திரம்."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "என்ன கர்ப்பம்?"

"கல்யாணம் ஆகாத பிள்ளை படிக்குற படிப்பாட்டி இது!" என்று பெரியப்பா துள்ளினார். "பேறுகாலம் பாக்கவா மெட்ராஸுக்குப் போற?"

பூமியின் உள்ளே இருப்பதைப் படிக்கிற படிப்பு என்று புரியவைப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. கடைசியில் அப்பாதான் பேசினார். "போட்டும் அண்ணாச்சி. இங்கன வச்சிருந்தா மண்டியில உள்ள எல்லாத்தையும் உடைச்சுப் பாத்திரும்."

இப்போது என் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வருகிற மாதம் மாணவர்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே மலைமேல் பூமியின் நடுக்கத்தைக் கோடாக எழுதுகிற கருவி, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறதாம். பெண்களை அழைத்துப் போகிற வழக்கம் இல்லையே என்று ஆசிரியர் தயங்கினார். வழக்கம் இருந்திருக்க இதற்கு முன்னால் பெண்கள் இருந்திருக்க வேண்டுமே சார் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

கம்பளிச் சட்டை வாங்கியாயிற்று. போகிறவர்கள் பெயரை எழுதச் சொல்லி நேற்று ஒரு தாளை ஒட்டினார்கள். முதல் பெயர் என்னுடையது.