ஏழாம் இறால் படலம்

வாழ்க! முள்ளுக்கு அஞ்சாத் தொண்டையும் மிளகாய்க்குக் கலங்கா நாவும் வாய்க்கப்பெற்ற அப்துல் மஜீத் வாழ்க! கொத்துரொட்டித் தகட்டின் ஓசையைப் போர்முரசெனக் கேட்டு வளர்ந்த செவியினன், தன் வயிற்றை ஊருக்கென்றே நேர்ந்துவிட்ட கொடையாளன், நாற்பத்தோராயிரம் பேர் பின்தொடரும் முகநூல் பக்கத்தின் தனிப்பெருந்தலைவன், வாசலில் அவன் செருப்பின் அரவம் கேட்டாலே திருகோணமலைக் கடை முதலாளிமார் துடைத்த மேசையை மறுபடியும் துடைக்கும் கீர்த்தியுடையான் வாழ்க! துறைமுகத்துக் கடலே, சற்றே இரைச்சலை அடக்கு. வீரன் கைகழுவிக்கொண்டு வருகிறான்.

இவ்வீரன் ஒரு சபதம் செய்திருந்தான். 'திருமலையின் தலைசிறந்த பத்து உணவகங்கள்' என்றொரு பட்டியலைத் தரப்போவதாகவும், தன் நாவில் படாத எதையும் நல்லதென்று எழுதப்போவதில்லை என்றும், எழுதினால் அன்றே பக்கத்தை இழுத்து மூடிவிடுவதாகவும் நாடறிய முழங்கியிருந்தான். இருநூற்றுப் பதினேழு பேர் அந்த முழக்கத்துக்கு இதயம் போட்டார்கள். நிலாவெளியிலிருந்து இதே பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்த றுவைஸ் என்னும் மாற்றான் மட்டும் சிரிக்கிற முகம் போட்டான்.

அன்று தொடங்கியது திக்குவிசயம். வெள்ளைக்காரருக்காக உறைப்பை நாடுகடத்திவிட்டு, நண்டோடு ஒரு சுத்தியலையும் தட்டில் வைத்துத் தரும் கடற்கரை விடுதியை வென்றான். கின்னியாப் பாலத்தைக் கடந்து, நண்பகலுக்கு முன்பே சட்டி காலியாகிவிடும் புரியாணிக் கடையை வென்றான். தோசையைவிடச் சாம்பாருக்குப் பேர்போன சைவக்கடையையும், பஸ் நிலையத்துக்குப் பின்னால் புகைக்குள் ஒளிந்திருந்த கொத்துக்கடையையும் வென்றான். இப்படி ஒன்பது கோட்டைகள் வீழ்ந்தன. ஒன்பதையும் புகழ்ந்தான். நாளைக்கும் அந்தக் கடைகளுக்கு முன்னால் நடந்து போக வேண்டியவன் அல்லவா? எஞ்சியது முதலாமிடம். அது, உட்துறைமுகத் தெருவில் மூன்று மாதங்களுக்கு முன் திறந்த 'நங்கூரம் சஹன் ஹவுஸ்' என்னும் கடைக்கென்று காத்திருந்தது. அங்கே கரியில் சுடும் பெரிய இறாலைப் பற்றித்தான் ஊரெல்லாம் கதை. பட்டியல் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிவரும் என்று அறிவித்தாயிற்று.

சஹன் என்பது தனியொருவன் ஏறிச் செல்லும் களம் அன்று. பெரிய வட்டத் தட்டொன்றில் சோற்றை மலையாய்க் குவித்து, கறிவகைகளை அதன்மேல் பரப்பி நடுவில் வைக்க, நால்வர் பாயில் சூழ்ந்திருந்து கையால் உண்பது. ஆகவே ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மஜீத் படை திரட்டினான். மாமனார் அபூதாஹிர் வந்தார். மைத்துனன் பாயிஸ் வந்தான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் நண்பன் இக்னேசியஸும் வந்தான். சஹனுக்குச் சட்டங்கள் உண்டு. மூத்தவர் தொடங்கும்வரை எவரும் தொடங்கலாகாது. அவரவர் முன்னாலிருப்பதையே அவரவர் உண்ண வேண்டும். நடுவில் கை வைக்கவே கூடாது, பரக்கத் என்னும் இறையருள் அங்கேதான் இறங்குகிறது. கிறிஸ்தவ வேதக்காரனான இக்னேசியஸ் இந்தச் சட்டங்களை மற்ற மூவரையும்விட இறுக்கமாகப் பிடிப்பவன்.

வந்தது சஹன்! ஆவி பறக்க, நெய் மணக்க, கணவாய் ஒருபுறம் பாரைமீன் மறுபுறமாக, செங்கவசம் தரித்த ஏழு இறால் மறவருள் ஒருவன் உச்சியிலும் அறுவர் அவனைச் சூழ்ந்தும் நிற்க, இரண்டு பேர் தூக்கிவந்த அம்மலையைக் கண்டதும் நம் வீரன் செய்தது என்ன? உண்டானா? இல்லை. காசாளரின் கதிரையை வாங்கிப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, கைப்பேசியை வானுக்கு உயர்த்தினான்.

"சோறு ஆறுது மருமகன்," என்றார் அபூதாஹிர்.

"ஒரு நிமிசம் மாமா, வெளிச்சம் சரியில்ல."

அந்த ஒரு நிமிடம் பதினொரு நிமிடமாய் நீண்டது. பசித்த முதியவரின் பொறுமைக்கும் கரை உண்டு. "பிஸ்மில்லாஹ்" என்ற ஓசை எழுந்தது. எழுந்த கணமே மூன்று கைகள் இறங்கின. கதிரையில் நின்றவன் கீழே நடந்த பேரழிவை ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டிருந்தானே தவிர, கண்ணால் காணவில்லை. இறங்கிச் சப்பணமிட்டு அமர்ந்தபோது மூவர் முன்னாலும் இரண்டிரண்டு ஓடுகள் கிடந்தன. ஏழாம் இறால் ஒன்றே ஒன்று, ஒருவர் எல்லையிலும் சேராமல், சோற்று மலையின் நட்டநடு உச்சியில் தனியே வீற்றிருந்தது.

இன்னொரு தட்டு இறாலுக்குச் சொன்னான். பரிமாறுபவர் தீர்ப்பு வழங்கினார்: "இறால் முடிஞ்சு சேர். இனி நாளைக்குத்தான்."

ஐயகோ, சபதமே! எனக்கு இறால் கிடைக்கவில்லை என்று வாய்திறந்து சொன்னால் தீர்ந்துவிடும் காரியம்தான். ஆயினும் மாமனாருக்கு முன்னால் இறாலுக்கு அழுத மருமகன் என்று கலியாண வீடுகள்தோறும் காலமெல்லாம் பேசப்படுவதைவிட மானமுள்ளவன் வேறெதையும் தாங்குவான். கேட்கவும் ஏலாது, நடுவில் கை நீட்டவும் ஏலாது. எஞ்சிய வழி ஒன்றே. மலையை அடியில் குடைந்தால் உச்சி தானாய்ச் சாயும்.

குடைந்தான்! தன் எல்லைச் சோற்றை அள்ளி அள்ளி, மென்றும் மெல்லாமலும் விழுங்கி, வியர்வை புருவத்தில் வழிய, சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிறரறியாமல் கழற்றி, பக்கத்துக் கணவாயைப் பாராமல், பாரைமீனையும் மதியாமல், அடிவாரம் கரைந்து பள்ளமாகிப் பள்ளம் குகையாகும்வரை அவன் நிகழ்த்திய அந்தச் சோற்றுப்போரை, ஏழு நாள் பட்டினி கிடந்தவன் கண்டிருந்தாலும் இரங்கியிருப்பான். உச்சி அசைந்தது. இறால் ஒரு விரற்கடை அவன்பக்கம் சரிந்தது. அப்போதுதான் கண்டான், எதிர்த்திசையில் பாயிஸும் குகை தோண்டிக்கொண்டிருந்தான். இரண்டு தின்றவனுக்கு மூன்றாவதன்மேல் ஆசை! இறால் அங்கே சரிந்தது, இங்கே சரிந்தது, இரண்டு மைத்துனரும் ஒருவரையொருவர் பாராமல் சோற்றையே பார்த்து விழுங்கினர். இக்னேசியஸ் மாத்திரம் கையைத் தட்டின் ஓரத்தில் வைத்து, "எனக்கு வயிறு முட்டீற்று, நீங்கள் எடுங்கோ," என்று போர்நிறுத்தம் கோரினான். அதைக் கேட்பார் இல்லை. அபூதாஹிரோ முதியவர் உண்பதுபோல் மெல்ல மெல்ல உண்டுகொண்டிருந்தார்.

பாயிஸுக்கு விக்கல் எடுத்தது. அவன் தண்ணீருக்குத் திரும்பிய அரைக் கணத்தில் மஜீத் கடைசி மூன்று கவளத்தைச் சேர்த்து வாரினான். மலை இடிந்தது! ஏழாம் இறால் உருண்டு, புரண்டு, மீசை சிலிர்க்க வந்து, ஐயத்துக்கு இடமின்றி அவன் எல்லைக்குள் விழுந்தது. வெற்றி! நாற்பத்தோராயிரம் பேரின் நம்பிக்கை காப்பாற்றப்பட்டது!

ஆனால் பாருங்கள், நல்ல துண்டொன்று தன் பக்கம் விழுந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. மூத்தவர் பக்கம் ஒருமுறை தள்ளிவைக்க வேண்டும். அவர் வேண்டாம் என்பார். மறுபடி தள்ள வேண்டும், மறுபடியும் வேண்டாம் என்பார். மூன்றாம் முறையும் மறுத்தபின் தள்ளியவனே உண்ணலாம். எத்தனையோ சஹன்களில் இது இப்படித்தான் முடிந்திருக்கிறது. மஜீத் தள்ளினான். மாமனார் நெஞ்சில் கைவைத்து, "வேணாம் மருமகன், நீங்க தின்னுங்க," என்றார். மஜீத் இரண்டாம் முறை தள்ளினான். அவர் தலையை ஆட்டினார். ஏற்கெனவே ஓட்டை உரிக்கத் தயாரான விரல்களோடு, புன்னகை பூத்த முகத்தோடு, மரியாதைக்காக மட்டும், நம் வீரன் மூன்றாம் முறையும் தள்ளினான்.

"இவ்வளவு சொல்லக்குள்ள வேணாமெண்டா மரியாதையில்ல," என்றார் அபூதாஹிர். எடுத்தார். உரித்தார். அவசரமே இல்லாமல் தலையை உறிஞ்சி, உடலை மென்று, வால்வரை போய்ச் சேர்ந்தார். ஒன்பது கோட்டைகளை வென்றவனின் கண்கள் அந்த இறாலோடு கூடவே போயின. 

"எப்படி மாமா இறால்?" என்று கேட்டான். ஒரு சொல் கிடைத்தாலும் போதுமென்றிருந்தது அவனுக்கு.

"என்னட்டக் கேக்கிறீங்க," என்றார் மாமனார், விரலை நக்கியபடி. "நீங்களும் தின்டதுதானே?"

பின்னேரம் ஆறரை மணிக்கு மஜீத் பட்டியலைப் போட்டான்: முதலாமிடம் நங்கூரம் சஹன் ஹவுஸ், இறால் பிரமாதம்.