இன்னும் ஒரு பையன் வேண்டும்

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் உனக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று நோலன் கேட்டபோது, மேசி அவனுடைய உள்ளங்கைகள் இரண்டின்மேலும் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

கேட்பதற்கு அது தோதான இடம் இல்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனால் தரையில் நிற்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால் அவனுக்குப் பேச்சே வராது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கும்போது முகம் தெரியாது, ஷூ மட்டும்தான் தெரியும். ஷூவிடம் தைரியமாகப் பேசலாம்.

மேலேயிருந்து மேசியின் குரல் வந்தது.

"நீ நல்லவன்தான் நோலன். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே."

"என்ன ரூல்?"

"தூக்குறவனும் மேலே நிக்கிறவளும் காதலிக்கக் கூடாது. நாளைக்கு நமக்குள்ள சண்டை வந்து, நீ கோவத்துல கையை எடுத்துட்டேன்னா என் மண்டை என்னாகும்? டீமோட பழைய ரூல் இது. ஜோடி மாறிட்டா பரவாயில்லை."

நோலன் அவளைப் பூப்போல இறக்கிவிட்டான். அவனுக்கு வருத்தமே இல்லை. மாட்டேன் என்று சொன்னது ரூல்தான், மேசி இல்லை. ரூலை எப்படியாவது சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தான்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில், ஆட்டக்களத்தில் வித்தை காட்டிக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் சியர் அணியில் அப்போது ஒன்பது பெண்கள், ஒரே ஒரு ஆண். பன்றிப் பண்ணையில் தீவன மூட்டை தூக்கிப் பழகிய தோள் என்பதால் நோலனைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். விடுதியில் அவனை எல்லோரும் 'இளவரசி' என்று கூப்பிட்டார்கள். மேசியைத் தூக்க முடிகிறவரை எப்படிக் கூப்பிட்டாலும் சரி என்று அவனும் விட்டுவிட்டான்.

நேராகப் பயிற்சியாளர் ரோண்டாவிடம் போனான். ஐம்பது வயதிலும் கைகளை ஊன்றித் தலைகீழாக நடக்கக்கூடிய பெண்மணி அவர்.

"கோச், எனக்கு ஜோடி மாத்தித் தரணும்."

"யாரோட மாத்துறது? இருக்குறதே நீ ஒருத்தன். இன்னும் ஒரு பையனைக் கூட்டிட்டு வா, பார்க்கலாம்."

அன்று மதியமே சாப்பாட்டுக் கூடத்தில் கோல்பியைப் பிடித்தான். கோல்பி மல்யுத்த வீரன். ஆளைப் பார்த்தால் கோதுமைக் கிடங்குக்குக் கைகால் முளைத்த மாதிரி இருப்பான்.

"சியர் டீமா? பாவாடை கட்டணுமாடா?"

"பேன்ட்டுதான்டா."

"என் மானம் போயிடும்."

"இப்ப மட்டும் என்ன பண்றே? வேர்த்து நாறுற ஒரு ஆம்பளையைக் கட்டிப்பிடிச்சுத் தரையில உருள்றே. எங்க டீம்ல ஒன்பது பொண்ணுங்க. எல்லாரும் சென்ட் போட்டுட்டு வர்றாங்க."

கோல்பி கையிலிருந்த கறித்துண்டைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தான். மறுநாள் பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான்.

வந்த வேகத்தில் பெக்கா என்ற பெண்ணை வைக்கோல் கட்டைத் தூக்குவதுபோலத் தூக்கினான். தூக்கியவன் பழக்க தோஷத்தில் எறிந்தும்விட்டான். நான்கு பெண்கள் ஓடிப்போய் அவளைப் பிடித்தார்கள்.

"இவனுக்கு யாராவது ஒழுங்கா செஞ்சு காட்டணும்," என்றார் ரோண்டா. "நீயும் மேசியும்தான் காட்டணும். இந்த நேரத்துல உங்களைப் பிரிச்சா டீம் உருப்படுமா? இன்னும் ஒரு பையன் வரட்டும்."

நோலன் இரண்டு பேராகவே கொண்டுவந்தான். மாட்டுப்பண்ணை இரட்டையர்கள் டிர்க்கும் டீனும். இரண்டு பேரும் அருமையாகத் தூக்கினார்கள். ஆனால் தூக்குவதற்குப் பையன்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அடுத்த வாரமே ஏழு பெண்கள் அணியில் சேர்ந்தார்கள். கணக்குப் பார்த்தால் முன்பைவிட ஆள் பற்றாக்குறை அதிகமாகியிருந்தது.

"இன்னும் ஒரு பையன்," என்றார் ரோண்டா.

நோலன் கல்லூரி முழுக்க அலைந்து, தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து ஒரு குண்டனைக் கூட்டிவந்தான். ஆச்சரியம் என்னவென்றால், யாரும் கேட்காமலேயே கோல்பி தன் அறைத்தோழர்கள் மூன்று பேரை இழுத்துவந்தான். டிர்க் ஒரு குத்துச்சண்டைக்காரனைக் கொண்டுவந்தான். அவன் இன்னும் ஐந்து பேரைக் கொண்டுவந்தான். நவம்பரில் எண்ணிப் பார்த்தால் பதினான்கு பையன்கள். எல்லாம் தன்னுடைய தலைமைப் பண்பு என்று நோலன் நினைத்துக்கொண்டான். ரோண்டாவும் அப்படியே நினைத்து அவனைக் கேப்டனாக்கிவிட்டார். கல்லூரிப் பத்திரிகை முதல் பக்கத்தில் அவனையும் மேசியையும் படம் போட்டு, 'அணியின் அசைக்க முடியாத ஜோடி' என்று எழுதிவிட்டது.

"பேப்பர்ல வந்த ஜோடியை யாராவது பிரிப்பாங்களா?" என்று ரோண்டா அவனிடமே கேட்டார்.

அசைக்க முடியாததால்தான் பிரிக்க மறுக்கிறார்கள், அசைந்து காட்டினால் போதும் என்று நோலன் கணக்குப் போட்டான். அடுத்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் மேசியைத் தூக்கி நிறுத்திக் கொஞ்சம் ஆட்டுவது என்று முடிவு செய்தான்.

கால்பந்து அணி ஒவ்வொரு முறை புள்ளி எடுக்கும்போதும், ஸ்கோர் பலகையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறதோ அத்தனை தண்டால் சியர் பையன்கள் எடுக்க வேண்டும். அது வழக்கம். அவர்கள் கல்லூரி அணியை நம்பி அந்த வழக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அன்று பார்த்து, பன்னிரண்டு வருடத்தில் இல்லாத அதிசயமாக அணி நாற்பத்திரண்டு புள்ளி எடுத்துத் தொலைத்தது. ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று ஏறி ஏறி, கடைசியில் நாற்பத்திரண்டு தண்டாலையும் முடித்துவிட்டு மேசியைத் தூக்கியபோது, நோலன் ஆட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கைகள் தாமாகவே வெடவெடவென்று நடுங்கின.

மேசி அசரவில்லை. ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த நடுக்கத்துக்குத் தகுந்தமாதிரி வளைந்து வளைந்து நின்றாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. திங்கட்கிழமை ரோண்டா அதை நிகழ்ச்சியில் சேர்த்து, அதற்கு 'நோலன் நடுக்கம்' என்று பெயரும் வைத்தார்.

கீழே போட்டுவிட்டால் பிரித்துவிடுவார்களே என்று ஒரு நிமிடம் அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே அன்று முழுவதும் அவனுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. அவளைத் தாங்குவதற்காகத் தன் மண்டையை வேண்டுமானால் தரையில் முட்டக் கொடுத்துவிடுவான். அவன் அவ்வளவு நேசித்தான்.

ஒமாஹாவில் நடக்கும் வட்டாரப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நோலன் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். சுளுக்கு என்றான். ரோண்டா கட்டையும் பார்த்தார், அவன் முகத்தையும் பார்த்தார்.

"சரி. மேசி இனிமே கோல்பியோட ஜோடி," என்றார்.

நோலனுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. சுளுக்கை நினைத்துக்கொண்டு அடக்கமாக நின்றான்.

போட்டி நாளில் பேருந்து ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றது. வெளியே காற்று காதை அறுத்தது. பையன்களும் பெண்களும் இறங்கி அங்கேயே தூக்கிப் பழக ஆரம்பித்தார்கள். காபி வாங்கிக்கொண்டிருந்த மேசியிடம் நோலன் போனான். இந்த முறை முகத்தைப் பார்த்தே பேசினான்.

"இப்ப நாம ஜோடி இல்லை மேசி. வெள்ளிக்கிழமை?"

மேசி கோப்பைக்குள் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீ இப்ப கேப்டன் ஆயிட்டியே நோலன்."

"அதனாலென்ன?"

"கேப்டன் டீம்ல யாரையும் காதலிக்கக் கூடாது. அது தனி ரூல். புது கேப்டன் வந்தா பரவாயில்லை. அந்த அளவுக்கு நல்ல பையன் ஒருத்தன் கிடைச்சான்னா..."

சொல்லிவிட்டுக் கோல்பியின் தோளில் ஏறப் போய்விட்டாள்.

நோலன் பேருந்தில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தான். ஓட்டுநர் இருக்கையில் வெர்ன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். ரோண்டாவின் கணவர். அணிக்குச் சம்பளம் வாங்காத ஓட்டுநர். முந்நூறு மைல் ஓட்டினாலும் மூன்று வார்த்தைக்குமேல் பேசமாட்டார்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்ததால், நோலன் அவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"ஆனா பரவாயில்லை," என்று முடித்தான். "லிங்கன்ல என் சித்தப்பா பையன் ஒருத்தன் இருக்கான். அடுத்த செமஸ்டர்ல இங்க சேர்த்துட்டா, அவனைக் கேப்டனாக்கிடலாம்."

வெர்ன் கொறிப்பதை நிறுத்தினார்.

"நீ எத்தனை பேரைக் கொண்டாந்தே?"

"நாலு."

"அந்த மல்யுத்தக்காரன்?"

"கோல்பி மூணு பேரு. பெக்காவோட ஜோடி சேர்ந்த வாரமே கூட்டிட்டு வந்துட்டான். அவனுக்கு டீம் மேல அவ்வளவு பாசம்."

வெர்ன் ஜன்னலை இறக்கி விதைத் தோலைத் துப்பினார். வெளியே கைதட்டி எண்ணிக்கொண்டிருந்த தன் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான் படிச்சப்போ ரோண்டா என் கையில ஏறி நின்னுக்கிட்டு இதே ரூலைத்தான் சொன்னா தம்பி; நானும் பதினொரு பையன்களைக் கொண்டாந்து சேர்த்தேன், அப்படி ஒரு ரூலே கிடையாதுன்னு அவ எங்கிட்டச் சொன்னது எங்க கல்யாணத்தன்னைக்குத்தான்."