பானெட் திறக்கும் மாப்பிள்ளை

ஜீப் வைத்திருப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் அரதப் பழசான ஒரு ஜீப்பைத் தேடிப்பிடித்து வாங்கி, அதன் சொந்த என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதைவிடப் பலமான வேறோர் என்ஜினை அதற்குள் உட்காரவைத்தவர்கள் என்று ஒரு தனி இனம் இருக்கிறது. ஊருக்கு ஒருவராவது அகப்படுவார். ஆரணியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் பத்மராஜ் அந்த இனம்.

அடையாளம் சுலபம். மற்றவர்கள் வண்டிக் கதவைத் திறப்பார்கள்; இவர் பானெட்டைத் திறப்பார். ஆரணியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்வயல், ரோடெல்லாம் சமதரை, வண்டி ஏறுவதற்கென்று இருப்பது வேகத்தடை ஒன்றுதான். அதனால் என்ன? கொத்தமல்லிக் கட்டு வாங்க மார்க்கெட்டுக்குப் போனாலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியரை ஒருதரம் போட்டுப் பார்க்காமல் திரும்பமாட்டார். மழை பெய்தால் நெசவாளிகள் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடுமோ என்று கவலைப்படுவார்கள். இவர் ஆற்றில் நல்ல சேறு கிடைக்குமா என்று நாலு பேரிடம் விசாரிப்பார். கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்களுக்கு ஜரிகையைப் பற்றி ஒரு வாக்கியமும் இழுவைத் திறனைப் பற்றி அரைமணி நேரமும் சொல்வார். சாவியைத் திருகினால் தெருவில் உள்ள பவர்லூம் சத்தமெல்லாம் அடங்கிவிடும் என்பது அவர் பெருமை. அடங்குவதில்லை, காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் மனைவி கமலாவதி பொறுத்துக்கொண்டுதான் வந்தார். போன மாதம் போளூரில் அவர் தம்பி ஹேமசந்திரன் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஜைன வீடு, பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கைகூட வாய்க்குள் போகாது. மாலைப் பந்தி சூரியன் மறைவதற்குள் முடிந்தாக வேண்டும். அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மூத்த மாப்பிள்ளை வந்து உட்காராமல் முதல் பந்தியில் ஒருவரும் கைவைக்கமாட்டார்கள். மூத்த மாப்பிள்ளை யார்? நம் பத்மராஜ்தான். அவர் பிந்தினால் கூடியிருக்கும் அத்தனை பேரும் மறுநாள் காலைவரை பட்டினி.

கமலாவதி மத்தியானமே கிளம்பலாம் என்றார். பத்மராஜ் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்தார், டயரில் காற்றைச் சரிபார்த்தார், இந்த என்ஜினுக்குப் போளூர் ஒரு தூரமா என்று சிரித்தார். ஒருவழியாகக் கிளம்பிக் களம்பூர் போனால், ரயில்வே கேட் மூடியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் பைக்கில் நின்ற ஒருவன் ஜீப்பை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா இன்ஜின்ணா போட்டுகீறீங்க?"

போதாதா? ஜீப் ஓரங்கட்டியது. பானெட் திறந்தது. பழைய கியர்பாக்ஸோடு புது என்ஜின் ஒட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது, சட்டத்தை வெட்டி வெல்டிங் வைத்தது, ரேடியேட்டரை மாற்றியது என்று பத்மராஜ் ஆதியிலிருந்து ஆரம்பித்தார். ரயில் போயிற்று. கேட் திறந்தது. நின்றிருந்த நெல் லாரிகளெல்லாம் போய்விட்டன. போளூரிலிருந்து தம்பி போன் செய்து, இலை போட்டாகிவிட்டது, மாமாவுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்றார். கமலாவதி மேற்கே பார்த்தார். இரண்டு தரம் கூப்பிட்டார். இரண்டு தரமும் "ஒரே நிமிஷம்" என்று பதில் வந்தது. பின்னால் போளூர் பஸ் ஒன்று வந்தது. கமலாவதி ஜீப்பைவிட்டு இறங்கிக் கைகாட்டி அதை நிறுத்தினார்.

"நீங்க பேசிகினு வாங்க. நான் போயி அவங்கள சாப்பிடச் சொல்றேன்."

பத்மராஜுக்குத் திக்கென்றது. பானெட்டை அறைந்து மூடி, ஒரு பஸ்ஸைப் பிடிக்க இந்த என்ஜினுக்குத் தெரியாதா என்று ஆக்சிலரேட்டரை மிதித்தார். கேட் மறுபடி மூடிக்கொண்டது. இந்தத் தடவை கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு பெட்டியாக நிதானமாகப் போயிற்று.

போளூரில் அவருக்கு மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நாற்காலி போட்டார்கள், விசிறியைத் திருப்பி வைத்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள். சாப்பாடு மட்டும் கொடுக்கமுடியாது, விளக்கு வைத்தாகிவிட்டது. முதல் பந்தியில் அவருடைய இடத்தில் அக்காதான் உட்கார்ந்தார், தப்பாக நினைக்கக்கூடாது என்று ஹேமசந்திரன் கைகூப்பினார். கமலாவதிக்குக் கணவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வயிறு நிறைந்திருந்ததால் தாங்கிக்கொண்டார்.

பசியில் சுருண்டிருந்த மனிதரிடம் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் மெல்ல வந்து, வாசலில் நிற்கும் ஜீப்பில் ஏதோ என்ஜின் மாற்றியிருக்கிறதாமே என்றார். பத்மராஜ் எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். அது என்ன என்ஜின் என்று கடைசிவரை நான் சொல்லவே இல்லையே, அது உங்களுக்கு உறுத்துகிறதா? உறுத்துகிறதென்றால், ஐயா, முதலில் எழுந்துபோய்ச் சாப்பிடுங்கள். வீட்டில் இரண்டு தரம் கூப்பிட்டாகிவிட்டது.