தார்ப்பாய் பாயும் நாலு மாப்பிள்ளைகளும்

மாது, லாரியில் தக்காளி டிரே ஏற்றுகிறவன். கோவிந்தம்மா, தக்காளியில் பழம் வேறு காய் வேறாகப் பிரிக்கிறவர். முனியப்பா, டீ கொண்டு வந்தால் திரும்பிப் போக மறந்துவிடுகிறவர். அந்தோணி, ஓசூருக்குப் பிக்கப் ஓட்டுகிறவர். அப்புறம் நான். நானும் டிரே ஏற்றுகிறவன்தான். ஆறாவது ஆள் தார்ப்பாய் பாய்.

பிடிக்காத புத்தகத்தைக் கிழித்தவர்கள் உண்டு. எரித்தவர்கள் உண்டு. ஒரு சாண் ஊசியும் நைலான் நூலும் எடுத்து, புத்தகத்தைச் சுற்றிலும் தைத்து மூடியவர் இந்த உலகத்திலேயே தார்ப்பாய் பாய் ஒருவர்தான்.

மாரண்டஹள்ளி மார்க்கெட் ஓரத்தில் அவர் கொட்டகை. லாரிக்குப் போடும் தார்ப்பாய் தைப்பார், கிழிந்ததற்கு ஒட்டுப் போடுவார். தரை முழுக்கத் தார்ப்பாய் விரித்திருக்கும். செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனையும் வாசலில் இருக்கிற காலி டிரேயில் போட வேண்டும். ஏலம் முடிந்து லாரி வரும்வரை எங்களுக்கு அங்கே கதை வாசிப்பார்.

ஒருநாள் டிரேயில் அந்தோணியின் போன் அடித்தது. வண்டி முதலாளி. பாய் எடுத்தார்.

"அந்தோணி வேற கோள்ல இருக்காருங்க. வர ஒரு மணி நேரம் ஆவும்."

வைத்துவிட்டார்.

அதில் பொய் இல்லை. அவர் வாசித்தது 'உப்புக்கோள்' வரிசை. ஐந்து புத்தகம். எழுதியவர் பெயரைப் பாய் வாயால் சொல்லமாட்டார். 'பெரியவர்' என்பார். உப்பு மட்டும் விளைகிற ஒரு கோள். அங்கிருந்து உப்பு ஏற்றிப் போகிற விண்கப்பல். ஓட்டுகிறவள் வேம்பு. அவளுக்கு ஒரு கைதான். இன்னொரு கை எப்படிப் போனது என்று பெரியவர் ஐந்து புத்தகத்திலும் சொல்லவில்லை. ஐந்தாவதின் கடைசிப் பக்கத்தில் வேம்பு செத்துப்போனாள்.

அன்றைக்குக் கோவிந்தம்மா மூக்கைச் சிந்தினார். மாது எழுந்து வெளியே போய்விட்டான். என் மனைவி தவறிப்போய் அப்போது மூன்று மாதம். நான் டிரே ஏற்றப் போனேன். லாரி நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்தேனாம். மாது சொன்னான்.

பெரியவரும் அதற்குமேல் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். புத்தகம் போட்டவர்கள் விடவில்லை. வேறு வேறு ஆட்களை வைத்து, வேம்பு கதைக்கு முன்னால் நடந்த கதைகளை எழுத வைத்தார்கள். முன்கதை என்று பெயர். பாய் அவற்றையும் வாங்கினார். திட்டுவதற்காக வாங்கினேன் என்பார். எழுதியவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'வீட்டோடு மாப்பிள்ளைகள்'.

"அடுத்தவரு கட்டுன வூடு. வந்து காலை நீட்டிப் படுத்துக்கிட்டு செவுத்துல ஆணி அடிக்கறானுங்க."

கோவிந்தம்மாவுக்குப் பொறுக்காது. "எல்லா மாப்பிள்ளையும் அப்புடி இல்லீங்க பாய். எங்க வூட்டு மாப்பிள்ளை ஆணி அடிக்கல. கூரைச் சீட்டு மாத்தித் தந்தாரு."

"கேட்டுட்டு மாத்துனாரா?"

"ஒழுகுச்சு, மாத்துனாரு."

"பெரியவர் வூடு ஒழுகல கோவிந்தம்மா."

பாய் இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறார். மருமகன் வீட்டோடு மாமனாராக. போனில் நலம் விசாரித்தால், "இன்னும் ஆணி அடிக்கலப்பா" என்கிறார்.

பெரியவர் புத்தகம் என்றால் பாய் முகம் கழுவுவார். செருப்பைக் கழற்றுவார். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். மாப்பிள்ளை புத்தகம் என்றால் வாசலில் நின்றபடி, செருப்புப் போட்டபடி.

"ஏன் பாய்?" என்று முனியப்பா கேட்டார்.

"எந்நேரமும் கெளம்பற மாதிரி இருக்கணும்."

"கடை உங்களுது. வுட்டுட்டு எங்க போவீங்க?"

"உன் டீயக் குடிச்சவனுக்கு எங்க வேணா போவ தைரியம் வரும்."

காதில் ஒரு சாக்பீஸ் செருகியிருப்பார், தார்ப்பாயில் கோடு போட. தப்புத் தெரிந்தால் அதே சாக்பீஸால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. முதல் மாப்பிள்ளை புத்தகம் முடிந்தபோது அது கோலம் போட்ட வாசல் மாதிரி இருந்தது. அதில் ஒரு பெருக்கல் குறி அந்தோணியுடையது. பாரம் ஏற்றிய கப்பலை மலைச்சரிவில் இறக்கும் இடம்.

"நியூட்ரல்ல இறக்கறான் பாய் அவன்! தொப்பூர் கணவாய்ல இப்புடி இறக்குனா ஆளு மிஞ்சுமா?"

"போடு பெருக்கல்" என்று பாய் சாக்பீஸை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மாதுவுக்கு வேறு சந்தேகம். "வேம்புதான் செத்துப்போனாளே. எப்புடிங்க பாய் மறுபடி வந்தா?"

"இது அதுக்கு முந்தி நடந்ததுடா."

"அப்ப, சாவப்போறோம்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நமக்குத் தெரியுது."

"ஆமா."

"பாவம் பாய்."

செத்தவள் மறுபடி நடக்கிறாள், சிரிக்கிறாள், யாரையோ திட்டுகிறாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்கதை என்றால் அதுதான். பாய்க்கு மாப்பிள்ளைகளைப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. எத்தனை தப்பு இருந்தாலும் அவர்கள் கதையில் அவள் உயிரோடு இருந்தாள்.

மூன்றாவது மாப்பிள்ளைதான் குடியைக் கெடுத்தார். வேம்புவின் கை போன கதையை எழுதிவிட்டார். ஒரு காதலன். அவன் கப்பல் கதவில் மாட்டிக்கொள்கிறான். அவனை இழுக்க இவள் இடுக்கில் கையை நுழைக்கிறாள். கதவு மூடுகிறது. நடுவில் காதலன் ஒரு பாட்டுப் பாடுகிறான்.

பாய் பாட்டு வரைக்கும் பொறுத்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"பெரியவர் மறந்துபோயி வுடல. வேணும்னுதான் வுட்டாரு."

உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். தைத்தார். தார்ப்பாய்க்குப் போடும் அதே தையல். மழைத் தண்ணீர் உள்ளே போகாது. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். புத்தகத்தை அலமாரியில் வைத்தார்.

முனியப்பா வீட்டில் கன்னடம். "ஆயித்து" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

"ஆமா, ஆயித்து" என்றார் பாய். "இனிமே கதை கெடையாது. அவங்கவங்க போயி அவங்கவங்க போனப் பாருங்க."

பார்த்தோம். ஆளுக்கொரு மூலையில். வீட்டுக்குப் போனால் எனக்குப் பேச ஆள் இல்லை. கொட்டகைக்குப் போனால் பாய் பேசவில்லை. இரண்டு வாரம் போனது.

நாலாவது முன்கதை வந்துவிட்டது என்று அந்தோணி போனில் பார்த்துச் சொன்னார். வேம்புவின் சின்ன வயதுக் கதை. பாயிடம் சொன்னோம்.

"நாலாவது மாப்பிள்ளைக்கு இங்க எலை போட மாட்டேன்."

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தர்மபுரிக்குப் போனேன். புத்தகக் கடைக்காரர் என் தோள் துண்டைப் பார்த்தார்.

"யாருக்குங்க?"

"எனக்கு."

நான் நாலாவது வரை படித்தவன். பஸ் போர்டு படிப்பேன். புத்தகம் படித்ததில்லை.

மறுநாள் ஏலம் முடிந்ததும் பாயின் இடத்தில் நின்றேன். வாசலில், செருப்போடு. பாய் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். விரல் வைத்துப் படித்தேன்.

"வே... ம்பு... கா... லை... யி... ல்..."

முதல் வரி முடிவதற்குள் முனியப்பாவின் டீ ஆறிவிட்டது.

"நல்லாத்தான் படிக்கற" என்றார் கோவிந்தம்மா. "வர்ற பொங்கலுக்குள்ள ரெண்டு பக்கம் முடிச்சிருவ."

படித்தேன். இரண்டாவது வரி. மூன்றாவது வரி. பாயின் ஊசி நின்றது.

"ஏ ஊமைக்கோட்டான்! இத்தனை நாளா வாயத் தொறக்காதவன், இப்பத் தொறந்து எதுக்குடா அவளக் கொல்ற?"

"அவ இதுல சாவல பாய்" என்றேன். "உசுரோட இருக்கா. படிங்க."

அந்தக் கொட்டகையில் நான் அவ்வளவு பேசியதே இல்லை. பாய் என்னைப் பார்த்தார். என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். எழுந்து வாசலுக்கு வந்தார். செருப்பைப் போட்டார். கையை நீட்டினார்.

"குடு."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். வாசலில் ஐந்து ஜோடி.

பாய் சாக்பீஸைக் கையில் தயாராக வைத்துக்கொண்டுதான் வாசித்தார். பக்கம் பக்கமாக ஆணி தேடினார். கிடைக்கவில்லை. முகம் இன்னும் கடுகடுவென்று ஆனது.

அப்புறம் ஒரு இடம் வந்தது. வேம்புவுக்குப் பன்னிரண்டு வயது. கப்பல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தலை வாரிப் பின்னுகிறாள். சிக்கு எடுக்கிறாள், மூன்றாகப் பிரிக்கிறாள், பின்னுகிறாள். ஒரு பக்கம் முழுக்க அவ்வளவுதான்.

"ரெண்டு கையாலயும் பின்றா பாய்" என்றான் மாது.

"ஆமாண்டா."

"அவளுக்குத் தெரியாதில்ல?"

"தெரியாது."

"எழுதுனவருக்கு?"

"தெரியும்" என்றார் பாய். குரல் இறங்கிவிட்டது. "தெரிஞ்சும் சொல்லல பாரு."

என் வீட்டு ஜன்னலில் ஒரு சீப்பு இன்னும் இருக்கிறது. அவளை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் முன்னால் வரும். அன்றைக்குச் சீப்பு வந்தது.

நாலு மாப்பிள்ளைகளுக்கும் நன்றி. மூன்றாவது ஆளுக்கும்தான். இதைப் பாயிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

பாய் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. யாரும் எழவில்லை. பாய் பக்கத்தைத் திருப்பினார். காலாலேயே இரண்டு செருப்பையும் கழற்றித் தள்ளினார். உள்ளே வந்து, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

நான் வாசலைப் பார்த்தேன்.

ஆறு ஜோடி.